செஞ்சிடார் கட்டைகளை அறுப்பதா, விடுவதா?

வணக்கம் நண்பர்களே. கனடாவில், வான்கூவர் தீவில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறேன். இதோ கிடக்கிற நாலு கட்டையும் ஆறு வருடத்துக்கு முன்னால் புயலில் சாய்ந்த செஞ்சிடார், அதாவது வெஸ்டர்ன் ரெட் சிடார் மரம். பேரில் சிடார் இருந்தாலும் பைபிளில் வருகிற லெபனோன் கேதுரு வேறு. இது சைப்ரஸ் மரக் குடும்பம். பலகையாக அறுக்கலாமா, விறகுக்கு விடலாமா என்று இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது.

மேலே பாசி ஏறி, பார்த்தால் மக்கிப்போன மாதிரிதான் இருக்கும். கிட்ட வந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்துகிறேன். வெளிப்பக்க வெள்ளை, டீயில் ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே வாங்குகிறது. ஒன்றரை அங்குலம் போனதும் டக்கென்று நின்றுவிட்டது, பார்த்தீர்களா? அங்கேதான் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி, ஆரம்பிக்கிறது. அந்த வைரத்தில் துயாப்ளிசின் என்று ஒன்று இருக்கிறது, பூஞ்சையை அண்டவிடாது. இங்கே காட்டில் பல பத்து வருடம் கிடந்த கட்டையை எடுத்துக்கூடக் கூரைக்கு மர ஓடு பிளக்கிறார்கள். இதையா அடுப்பில் போடுவது? எனக்கு மனசே வரவில்லை.

ஆனால் நாலையும் அறுக்கப் போவதில்லை. மூன்றாவதைக் கோடரி முதுகால் தட்டுகிறேன், கேளுங்கள். 'டொம்'. நடுவில் பொந்து. வயதான செஞ்சிடாருக்கு இது சகஜம். ஆப்பு வைத்துப் பிளந்தால் வேலிக்கு ஆகும். நாலாவதன் வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாக ஒரு கறை தெரிகிறதா? உள்ளே ஆணி. இரும்பு பட்டால் இந்த மரம் இப்படித்தான் கறுக்கும். யாரோ எப்போதோ கம்பிவேலி அடித்திருக்கிறார்கள். ரம்பம் பட்டால் பல் போய்விடும்.

அப்புறம், எதில் அறுப்பது? என் செயின்சாவுக்குச் சட்டம் மாட்டி அறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு அறுப்புக்கும் 9, 10 மில்லிமீட்டர் தூளாகப் போகும். மூன்று அறுப்புக்கு ஓர் அங்குலப் பலகை ஒன்று போச்சு. மெல்லிய பட்டை ரம்பம் ஓடுகிற பேண்ட்சா மில்லில் 3 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதனால் கூலி கொடுத்தாவது பேண்ட்சாவில்தான் அறுக்கப் போகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். இந்தத் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலத்தால் இங்கே மில் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவே வந்திருக்கிறது.

சரி, முதல் இரண்டு கட்டையும் பலகை. சனிக்கிழமை மில்காரர் வருகிறார். அதற்குள் நாலாவதில் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுகிறேன், தெரியாமல் அதையும் ஏற்றிவிடக் கூடாது.