தோட்டக்காரர் சுவர் ஏறிக் குதித்த வீடு

வணக்கம் நேயர்களே. பழக்கடையில் ஜி-9, மோரிஸ் என்று சீப்புக் கணக்கில் வாங்குகிறோமே, அந்த வாழை இனத்துக்கு உலகம் முழுக்க கேவெண்டிஷ் என்றுதான் பேர். பழம் இங்கிலாந்தில் பிறந்ததல்ல, பேர் மட்டும் அங்கே ஒரு பிரபு வீட்டில் ஒட்டிக்கொண்டது. அந்த வீடுதான் இன்றைய பேச்சு.

டெர்பிஷர் பகுதியில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சாட்ஸ்வொர்த். கேவெண்டிஷ் குடும்பம் 1549-இல் அந்த இடத்தை வாங்கியது, ஸ்காட்லாந்து ராணி மேரியைக்கூட சில காலம் அங்கே காவலில் வைத்திருந்தார்கள். சரி, உள்ளே போனால் இசை அறையில் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு வயலின் தொங்கும், கிட்டப் போனால்தான் அது உள்கதவில் வரைந்த ஓவியம் என்று தெரியும். மற்ற தங்கமுலாம் சமாச்சாரமெல்லாம் எந்த அரண்மனையிலும் பார்க்கலாம்.

எனக்கு அந்த வீட்டில் பிடித்த ஆள் வீட்டுக்காரப் பிரபுவான டியூக் இல்லை, தோட்டக்காரர். ஜோசப் பாக்ஸ்டன், 1826-இல் தலைமைத் தோட்டக்காரராக வந்தபோது இருபதைத் தாண்டிய வாலிபர். விடிகாலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார், எல்லாரும் தூக்கம், மதில் ஏறிக் குதித்துத் தோட்டம் முழுக்கச் சுற்றினார், ஆறு மணிக்கு ஆட்கள் வந்ததும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார், நீரூற்றுகளைத் திறந்துவிடச் சொல்லிப் பார்த்தார், அப்புறம் வீட்டு நிர்வாகி அம்மாவோடு காலை உணவு, அங்கே அந்தம்மாவின் உறவுப் பெண் சாராவைக் கண்டதும் காதல். எல்லாம் ஒன்பது மணிக்குள்! அவரே எழுதி வைத்தது, கொஞ்சம் அளப்பும் இருக்கலாம். ஆனால் அடுத்த வருஷமே கல்யாணம் நடந்தது.

இவர் கண்ணாடிக் கூடத்தில் வைத்து வளர்த்த வாழைதான் 1835-இல் பூத்தது, முதலாளி குடும்பப் பேரை அதற்கு வைத்தார்கள்.

1844-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று ஒரு பேச்சு. உடனே பாக்ஸ்டன் மேட்டு நிலத்தில் எட்டு ஏக்கரில் ஏரி வெட்டி, இரவில் விளக்கு வைத்துக்கொண்டும் தோண்டி, தண்ணீரைக் குழாயில் கீழே இறக்கினார். பம்பு கிடையாது, மேட்டிலிருந்து இறங்கும் வேகம்தான், தண்ணீர் சுமார் 90 மீட்டர் உயரம் பீய்ச்சியடித்தது. சக்கரவர்த்தி வரவேயில்லை! ஊற்றுக்கு மட்டும் அவர் பட்டம் நிலைத்துவிட்டது.

பாக்ஸ்டன் கட்டிய பெரிய கண்ணாடி மாளிகைக்குள் குதிரை வண்டியே போக முடிந்தது. புகையும் கரியும் கண்ணில் படக்கூடாது என்று, உள்ளே சூடேற்றும் நிலக்கரியைச் சுரங்க வழியாகக் கொண்டுபோனார்கள். முதல் உலகப் போரில் அந்த நிலக்கரிக்குத் தட்டுப்பாடு, உள்ளே இருந்த வெப்பமண்டலச் செடிகள் குளிரில் செத்தன. 1920-இல் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள், அதுவும் ஒரே வெடியில் விழவில்லை, திரும்பத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. இன்று அந்த இடத்தில் ஆளுயரச் செடிவேலிகளுக்கு நடுவே ஒரு புதிர்ப்பாதை, பிள்ளைகள் வெளியே வரும் வழி தெரியாமல் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.