காகத்தையும் எழுதுங்கள்

வணக்கம் நேயர்களே. காலையில் வாசலில் காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பார்கள். இன்று வானொலி நிலைய வாசலில் ஒன்று கரைந்தது. விருந்தாளி நான்தான்.

பறவை பார்ப்பவர்கள் கூடிச் சங்கம் வைப்பது நமக்குப் புதிதல்ல. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978இல் தொடங்கியது. எங்களுடையது அதைவிடச் சின்னது. ஞாயிறு விடிவதற்குள் ஏரிக்கரையில் கூடுவோம், எண்ணுவோம், எழுதுவோம். அவ்வளவுதான் வேலை.

அந்த எழுதுவதில்தான் நான் கோட்டை விட்டேன். போன மாதம் ஒரு கல்லூரி மாணவி வந்து, "ஐயா, அந்தக் காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் சிட்டுக்குருவி நிறைய இருந்ததா?" என்று கேட்டார். இருந்ததே! கரையோர டீக்கடையில் என் தட்டிலிருந்த வடையையே கொத்தும். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டும். அம்மா தினமும் பெருக்கித் தள்ளுவார். சரி, எண்ணிக்கை சொல்வோம் என்று 1986ஆம் ஆண்டு நோட்டைப் புரட்டினேன். பூநாரை இருக்கிறது, கூழைக்கடா இருக்கிறது, ஊசிவால் வாத்துகூட இருக்கிறது. சிட்டுக்குருவி? ஒரு வரி இல்லை. காகம், மைனா எதுவும் இல்லை. "அது எங்கே போகப்போகிறது" என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க என்னிடம் வடைக் கதைதான் இருந்தது.

அதனால்தான் எங்கள் நடைக்கு வரும் பிள்ளைகளிடம் நச்சரிக்கிறேன்: காகத்தையும் எழுதுங்கள். திரும்பவும் சொல்கிறேன், காகத்தையும்.

கண்முன் இருக்கும் பறவையின் அருமையை வேடந்தாங்கல்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் கௌல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கினார்கள். இன்றும் அங்கே தீபாவளிக்கு வெடிச் சத்தம் கிடையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். மொட்டைமாடியிலேயே நிற்கலாம், கால் மணி நேரம் போதும். பார்த்ததை எல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். அப்புறம் மடையான் என்ற கொக்கைப் பற்றி, உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை வெளேரென்று... இல்லை, கை காட்டிவிட்டார். வணக்கம்.