பக்கத்து நாற்காலி

(ஒரு சபைக் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஆயர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூப்பர்களே, வரவேற்புரையில் என்னிடம் இல்லாத தகுதிகளையெல்லாம் எனக்குக் கொடுத்த செயலாளர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, இவ்வளவு நேரமும் நின்றபடியே பாடிய பாடகர் குழுப் பிள்ளைகளே (யாராவது அவர்களுக்கு உட்கார இடம் கொடுங்கள்), எல்லோருக்கும் என் அன்பான வணக்கம். பொருளாளரை விட்டுவிட்டேன் பாருங்கள். ஐயா, இன்று உங்களிடம் காசு கேட்க மாட்டேன், நிம்மதியாக உட்காருங்கள்.

எனக்கு 30 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வேதனையோடு காத்திருக்கும் காலத்தில் கடவுளை எப்படி நம்புவது, எப்படி ஜெபிப்பது என்பது தலைப்பு. மூன்று காரியங்கள் சொல்லப்போகிறேன். ஒன்று, கடவுளிடம் அழுவது அவிசுவாசமா? இரண்டு, அவருடைய மௌனத்துக்கு என்ன அர்த்தம்? மூன்று, காத்திருக்கிறபோது கையையும் காலையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். ஆமாம், எங்கே பேசினாலும் இந்தப் பழமொழி இல்லாமல் நான் இறங்குவதில்லை. கேட்டால்தான் கிடைக்கும், வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது என்றுதான் எல்லோரும் இதைச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை ஏன் அழுகிறது? அடுத்த அறையில் அம்மா இருக்கிறாள் என்கிற தைரியத்தில் அழுகிறது. அழுது அழுது பார்த்து, யாரும் வர மாட்டார்கள் என்று கண்டுகொண்ட பிள்ளை, ஒரு கட்டத்தில் அழுவதையே நிறுத்திவிடும். சத்தமில்லாத தொட்டிலைப் பார்த்து நாம்தான், ஆகா, எவ்வளவு அமைதியான பிள்ளை என்கிறோம்.

வேதத்தில் இருக்கும் ஜெபப் பாடல்களில், 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் பாடுகிறவர் கடவுளிடம் நான்கு தடவை, இன்னும் எவ்வளவு நாள், எவ்வளவு நாள் என்று கேட்டுவிடுகிறார். இன்று நம் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அப்படி எழுந்து கேட்டால், பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். சரி, அந்தச் சங்கீதமாவது கடைசியில் பாட்டுப் பாடி முடிகிறது. 88ஆம் சங்கீதம் அதுகூட இல்லை. கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதை யாரும் கிழித்துப் போடவில்லை. ஜெபப் புத்தகத்தின் நடுவில் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பிள்ளையில்லாமல் ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளை நினைத்துப் பாருங்கள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டியவர் யார்? ஆசாரியன் ஏலி. ஆயர் அவர்கள் மன்னிக்க வேண்டும், நான் வேதத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன். (ஆயரும் சிரிக்கிறார், நல்லது.)

இரண்டாவது, மௌனம். 17 வயதுப் பையனாக இருந்த யோசேப்பை அண்ணன்மார் விற்றுப்போட்டார்கள். எகிப்து ராஜா பார்வோனுக்கு முன்னால் நிற்கும்போது வயது 30. சிறையில், என்னை மறந்துவிடாதே என்று, விடுதலையாகப்போகிற ராஜாவின் பானபாத்திரக்காரனிடம் கெஞ்சிக் கேட்டான். அவன் போனான், மறந்தான். அதற்குப் பிறகு முழுதாக இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி வேதத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. நம்மில் பலபேர் இப்போது அந்த எழுதப்படாத பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். லாசருவின் வீட்டையும் பாருங்கள். அவன் வியாதியாய்க் கிடக்கிறான் என்று சகோதரிகள் இயேசுவுக்கு ஆள் அனுப்பியாயிற்று, ஆனாலும் ஆண்டவர் இருந்த இடத்திலேயே மேலும் இரண்டு நாள் தங்கினார். வந்து சேரும்போது கல்லறையில் வைத்து நான்கு நாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று மார்த்தாள் சொன்னாள், அதே வார்த்தையை மரியாளும் சொன்னாள். அந்த நாலு நாளும் வீட்டுக்குள் அக்கா தங்கை இருவரும் இதையேதான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் போல. அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அங்கே நின்று அழுதார். இதற்குமேல் மௌனத்தைப் பற்றிப் பேச எனக்கு ஞானம் போதாது. ஆயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் பேசட்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என் தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 நாள் இருந்தான். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அது வழியாகப் பார்த்தால் அவனுடைய கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும், பாதம் தெரியாது. வெளியே, ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்த ஐந்து நாற்காலிகள். ஒருவர் காலை ஆட்டினால் ஐந்து பேரும் ஆடுவோம்.

சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குறை சொல்லக்கூடாது, நிறையப் பேர் வந்தார்கள். ஒருவர் வந்து, எல்லாம் நன்மைக்கே தம்பி என்றார். இன்னொருவர், வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா என்று என் காதோரமாகக் கேட்டார். அடுத்தவர், உபவாசம் இருக்கிறீர்களா என்றார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அதையே உபவாசமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோருமே நின்றுகொண்டேதான் பேசினார்கள். நின்று பேசினால் சீக்கிரம் கிளம்பலாம் இல்லையா?

ஆறாம் நாள் ராத்திரி ஒரு பெரியவர் வந்தார். நம் சபையில் கடைசி வரிசையில் உட்காருவாரே, அவர்தான். வந்தவர் ஜெபம்கூடப் பண்ணவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நாற்காலியும் ஒரு தடவை ஆடி நின்றது. சாப்பிட்டாயா என்று கேட்டார், இல்லை என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, அவர் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு அப்படியே தூங்கிப்போனார். தூங்கினார் என்றால் சும்மா இல்லை, குறட்டை! இரும்புச் சட்டமே அதிர்கிறது. வரிசையில் இருந்த முன்பின் தெரியாத மனிதர்கள் என்னைப் பார்க்கிறார்கள், எங்கள் தாத்தா என்று நினைத்துவிட்டார்கள். விடியற்காலம் நர்ஸ் கதவைத் திறந்து, தம்பியின் பெயரைச் சொல்லி, இவரோடு வந்தது யார் என்று கூப்பிட்டார். நான் எழுந்திருக்கும் முன்னே, பாதித் தூக்கத்தில் அந்தப் பெரியவர் துள்ளி எழுந்து, நான்தான் அம்மா என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு அழுகையாகி நிற்கவே இல்லை. அழுத பிள்ளை என்று சொன்னேனே, அது அன்றைக்கு நான்தான். அந்த ஆறு நாளில் வராத ஜெபம் அப்போதுதான் வந்தது. ஆண்டவரே என்பதற்குமேல் அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பெரியவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

தம்பி என்ன ஆனான் என்று முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணாலேயே கேட்கிறீர்கள். அவன் பிழைக்கவில்லை, அம்மா. 19ஆம் நாள் போய்விட்டான். அதனால்தான் சாட்சி நேரத்தில் இதை நான் இதுவரை சொன்னதில்லை. காரியம் நல்லபடியாக முடிந்தவர்களுக்குத்தானே நாம் மைக்கைக் கொடுக்கிறோம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மூன்றாவது காரியத்துக்கு வந்துவிட்டேன், ஐயா.

எல்லாவற்றையும் இழந்துபோன யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு பகல் ஏழு இராத்திரி ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்களைப்போல நல்லவர்கள் இல்லை. வாயைத் திறந்தார்கள், கெட்டது. கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர்கூட, என்னோடு விழித்திருங்கள் என்று சீஷர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறார், தூங்குகிறார்கள். அவருக்கே பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது.

தமிழில் அந்தச் சொல்லையே பாருங்களேன். காத்து, இரு. காவல் நிற்கிறவனும் காக்கிறான், வரவை எதிர்பார்க்கிறவனும் காக்கிறான். 130ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர்கள் வருகிறார்கள். அந்த வசனத்தின் எபிரெய மூலத்திலும் பன்மைதான். ராத்திரிக் காவலுக்கு ஒற்றை ஆளை நிறுத்தமாட்டார்கள்.

ஆகையால் மூப்பர்களே, இரண்டு வருஷமாக நான் குழுக்கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பதை மேடையிலும் கேட்கிறேன். அழுத பிள்ளைதானே! நம் சபையில் ஓர் ஆள் மருத்துவமனையில் படுத்தால், வெளியே காத்திருக்கிறவர் பக்கத்தில் உட்கார இரவுக்கு ஒருவர் வேண்டும். முறை வைத்துப் போகலாம். வேலை தேடுகிற பிள்ளை, பிள்ளைக்காக ஏங்குகிற வீடு, திரும்பி வராத மகனுக்காக வாசலைப் பார்க்கிற தாய், இவர்கள் வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம். நிபந்தனை ஒன்றுதான், புத்தி சொல்லக்கூடாது. ஜெபம் அவர்கள் கேட்டால் மட்டும். குறட்டைக்குத் தடை இல்லை.

வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரும், எந்தக் கிழமை வர முடியும் என்பதும் எழுதினால் போதும். போன தடவை பேனா காணாமல் போய்விட்டது, இந்தத் தடவை நூல் போட்டு மேஜைக் காலில் கட்டியிருக்கிறேன். முதல் பெயர் அந்தப் பெரியவருடையது. ஏழு கிழமையிலும் வருவேன் என்று எழுதியிருக்கிறார்.

ஆயர் ஜெபித்து முடிப்பார். போகிறவர்கள் அந்த வாசல் வழியாகவே போங்கள், பக்கவாட்டுக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டேன்.