ஒன்றே கால் தெரியும், 1.25 தெரியவில்லை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி ஏர்வாடி, மூக்கையூர் வரை கடலோரப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கற்றல் கோட்பாடுகளும் மதிப்பீடும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பி.எட். படிக்கையில் பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் என்று உளவியலாளர்களின் பெயர்களை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் இறக்கி வைத்த தலைப்பு. இன்று ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயர்கள் தேவைப்படும் இடத்தில் தாமே வரும்.

தசமம் நடத்தி முடித்த வகுப்பில் கேளுங்கள்: 0.35, 0.4 இரண்டில் எது பெரியது? "0.35" என்று பல குரல்கள் வரும். இதே பிள்ளைகளை மீன் ஏலம் விடும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றே கால் கிலோ நண்டு அதிகமா, ஒன்றரைக் கிலோ அதிகமா என்று கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கரும்பலகையில் 1.25, 1.5 என்று எழுதினால் மட்டும் 1.25 பெரிதாகிவிடுகிறது.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. ஐந்தாறு வருடமாக முழு எண்களில் நாம் சொல்லிக்கொடுத்த விதியை அந்தப் பிள்ளை இங்கே கொண்டு வருகிறது: இலக்கம் கூடினால் எண் பெரிது, 35 என்பது 4ஐ விடப் பெரிது. புதிதாக வருவதைப் பிள்ளை முதலில் மனசில் இருக்கும் பழைய சட்டகத்துக்குள் பொருத்திப் பார்க்கும், பொருந்தாதபோதுதான் சட்டகத்தை மாற்றும் என்றார் பியாஜே. பொருந்தவில்லை என்பது பிள்ளைக்கே தெரிய வேண்டும். சிவப்பு மையால் அடித்துப் பத்து முறை எழுதச் சொன்னால் அந்த ஒரு ஜோடி மனப்பாடமாகும். சட்டகம் அப்படியே இருக்கும்.

நாம் வாசிக்கும் முறையும் இந்தத் தவறுக்குத் துணை போகிறது. 1.25ஐ "ஒன்று புள்ளி இருபத்தைந்து" என்கிறோம். காதில் விழுவது இருபத்தைந்து. "ஒன்று புள்ளி இரண்டு ஐந்து" என்று வாசித்தால் பாதிச் சிக்கல் குறையும். மின்னணுத் தராசையும் கவனியுங்கள். அது 1.250, 1.500 என்று எப்போதும் மூன்று இலக்கம் காட்டும். பிள்ளை அதை ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிராம் என்று முழு எண்ணாகவே படிக்கிறது. விடையும் சரியாக வருகிறது. புத்தகம் கடைசிச் சைபர்களை எடுத்துவிட்டு 1.25, 1.5 என்று அச்சிடும்போதுதான் தடுமாற்றம்.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1985இல் வெளியானது. வியாபாரத்துக்கு நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே போன்ற கணக்குகளை வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37. அங்கே பரிசோதித்தது ஐந்து பேரைத்தான். ஆனாலும் நம் கடலோரப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். அறிவு இருக்கிறது, தாளுக்குப் போகும் பாலம்தான் இல்லை.

பாலம் கட்ட ஒரு கயிறு போதும். நாலு பேருக்கு ஒன்றாக, 1 மீட்டர் நைலான் கயிறு வெட்டுங்கள். 10 செ.மீ.க்கு ஒன்றாக வண்ண நூல் கட்டுங்கள். கயிற்றிலேயே முடிச்சுப் போடாதீர்கள். ஒவ்வொரு முடிச்சும் நீளத்தைத் தின்றுவிடும், பத்தாவது முடிச்சு வருவதற்குள் கணக்கு தப்பிவிடும். மூன்றாவது நூலுக்கும் நான்காவது நூலுக்கும் நடுவே மட்டும் 1 செ.மீ.க்கு ஒரு பேனாக் கோடு. இப்போது 0.4 மீட்டர் எங்கே? நான்காவது நூல். 0.35? மூன்றாவது நூலைத் தாண்டி ஐந்தாவது கோடு. தன் விரலாலேயே தொட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு 0.35 நான்காவது நூலை எட்டவில்லை என்பது தெரிந்துவிடும். "சைபர் சேர்த்துக்கோ, 0.40 ஆயிரும்" என்ற குறுக்குவழியை முதல் நாளே சொல்லாதீர்கள். அது தராசுப் பழக்கத்தையே திரும்பக் கொண்டுவரும். இடமதிப்பு தெரியாமலே விடை வரும்.

பிள்ளை தனியாகச் செய்ய முடியாததை, துணையோடு செய்ய முடிகிற எல்லை ஒன்று உண்டு என்றார் வைகாட்ஸ்கி. அந்தத் துணைக்குச் சாரம் என்று உட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் பெயர் வைத்தார்கள். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். முதலில் முழுக்கச் செய்துகாட்டிய கணக்கு, அடுத்ததில் கடைசிப் படி மட்டும் விடுபட்டது, அதற்கடுத்து இரண்டு படி, பிறகு வெறும் கேள்வி. கயிற்றையும் மூன்றாம் நாள் எடுத்துவிட்டு, நோட்டில் கோடு வரைந்து குறிக்கச் சொல்லுங்கள். சாரத்தைப் பிரிக்காமல் மாதக்கணக்கில் விட்டுவைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை.

இனி மதிப்பீடு. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வரும். அது மதிப்பீடு ஆகாது. கேள்வி கேட்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். மூன்று விநாடி காத்திருந்தாலே விடைகள் நீளும், பேசாத பிள்ளையும் வாய் திறக்கும் என்பது கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வுகள் காட்டியது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் தூக்கட்டும். முந்திரிக்கொட்டை மாதிரி கை தூக்கும் ஐந்து பேரை மட்டும் வைத்து வகுப்பை எடைபோடக் கூடாது.

எந்தக் கேள்வி கேட்கிறோம் என்பது அதைவிட முக்கியம். 0.75, 0.5 எது பெரியது என்று கேட்டால், இலக்கத்தை எண்ணிப் பார்க்கிற பிள்ளையும் 0.75 என்று சரியாகச் சொல்லிவிடும். தேர்வுத்தாளில் இப்படிப்பட்ட ஜோடிகளே இருந்தால், தப்பான காரணத்தோடு முழு மதிப்பெண் வாங்கலாம். அதனால் வகுப்பு முடியும் முன் 5 நிமிடம், கால் தாளில் மூன்று கேள்வி: 0.75, 0.5 இரண்டில் எது பெரியது; 0.35, 0.4 இரண்டில் எது பெரியது; இரண்டாவது விடைக்கு ஒரு வரிக் காரணம்.

தாள்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். முதலாவது சரி, இரண்டாவது தவறு என்றால் நீளத்தைப் பார்க்கிற பிள்ளை. கயிற்றுக்குத் திரும்ப வேண்டும். முதலாவது தவறு, இரண்டாவது சரி என்றால் விஷயம் வேறு. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று சரியாகப் படித்து, அதனால் இலக்கம் குறைந்தாலே பெரிது என்று முடிவுகட்டிய பிள்ளை அது. 0.75இல் பத்தில் ஒன்றுகள் எத்தனை என்று கேளுங்கள். இரண்டும் சரியானவர்களிடம் 0.3க்கும் 0.4க்கும் நடுவே மூன்று எண் எழுதச் சொல்லுங்கள். "நடுவில் ஒன்றுமில்லை" என்று எழுதும் பிள்ளை அந்த அடுக்கிலும் இருக்கும்.

இந்தத் தாளில் மதிப்பெண் போடாதீர்கள். ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் காட்டியது இது: குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள்; மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போவதில்லை. ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்த 2012-13இல், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் செய்யும் தொகுத்தறிக்கு 60 என்று வைத்தார்கள். அந்த நாற்பது நல்ல வாய்ப்பு. அட்டையில் படம் ஒட்டுவதிலும் பதிவேடு நிரப்புவதிலும் அது கரைவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

கடைசியாக, மறதி. வாடைக் காற்றும் மழையுமாக ஐப்பசி கார்த்திகையில் விடுமுறை விழும். திரும்பி வந்ததும் பாடத்தை மறுபடி வாசிக்க வைக்காதீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். தினமும் வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து கேள்வி: நேற்றையது இரண்டு, போன வாரத்தது இரண்டு, போன மாதத்தது ஒன்று. அந்தக் கடைசி ஒன்றில் 0.35, 0.4 வேண்டாம், அதன் விடை பழகியிருக்கும். 2.58, 2.6 என்று மாற்றிக் கேளுங்கள்.