பில்லில் வராத புகை

வணக்கம்.

பசுமைக் கட்டடம் என்றதும் பலருக்குக் கண்முன் வருவது மொட்டை மாடியில் சோலார் தகடு, சுவரெல்லாம் செடி, வரவேற்பறையில் ‘கோல்டு’ என்றோ ‘பிளாட்டினம்’ என்றோ பொறித்த ஒரு பட்டயம். அந்தப் பட்டயம் இந்தியாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு கட்டிய பசுமை வணிக மையம் லீட் என்ற அமெரிக்கப் பசுமைச் சான்றில் பிளாட்டினம் வாங்கியபோது, அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல் பிளாட்டினம். அப்புறம் ஐஜிபிசி, கிருகா என்று நம் நாட்டு முறைகளும் வந்தன. தொடக்கத்தில் தண்ணீர் எவ்வளவு மிச்சம், கரண்ட் எவ்வளவு மிச்சம் என்பதுதான் பேச்சு. இப்போது கேள்வி மாறியிருக்கிறது. இந்தக் கட்டடத்தால் எத்தனை டன் பசுமை இல்ல வாயு காற்றில் சேருகிறது என்று கேட்கிறார்கள். 2025-இல் வந்த லீட் ஐந்தாம் பதிப்பில் கார்பன் கணக்கு போடாமல் சான்றே கிடையாது.

அந்தக் கணக்கை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். ஸ்கோப் ஒன்று, இரண்டு, மூன்று. பேனா எடுக்க வேண்டாம், உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் கேஸ் எரிகிறது. அந்தப் புகை உங்கள் வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது. அது முதல் வகை. ஃபேன் ஓடுகிறது. வீட்டில் ஒரு துளி புகை இல்லை. ஆனால் மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ நிலக்கரி எரிந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தின் புகை, அது இரண்டாம் வகை. வீடு கட்ட வந்த சிமென்ட், கம்பி, நீங்கள் போட்ட குப்பை, வீட்டுக்கு வந்த பார்சல், இவையெல்லாம் மூன்றாம் வகை. நாளைக்கே நீங்கள் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் அந்தப் புகை மாயமாகாது. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இடம் மாறும், அளவும் கூடலாம், குறையலாம்.

மறுபடி சொல்கிறேன், இடையில் ரேடியோ போட்டவர்களுக்காக. நம் இடத்தில் உண்டாவது முதல் வகை. நாம் வாங்கும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் உண்டாவது இரண்டாம் வகை. நமக்காக மற்றவர்கள் உண்டாக்கும் மீதி எல்லாம் மூன்றாம் வகை.

முதல் வகை சின்னது, சுலபமானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஜெனரேட்டர் டீசல், கேன்டீன் சிலிண்டர், முடிந்தது என்பார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. டீசலின் எடையே ஒரு கிலோ வராதே, அதெப்படி என்று கூட்டங்களில் கேட்பார்கள். நல்ல கேள்வி. எரியும்போது காற்றிலிருக்கிற ஆக்சிஜனும் வந்து ஒட்டிக்கொள்கிறது, எடை கூடுகிறது. சரி, டீசல் ரிஜிஸ்டர் இருக்கிறது, சிலிண்டர் பில் இருக்கிறது. விட்டுப்போவது எது? ஏசி.

ஏசிக்குக் கரண்ட் பில்தானே என்பீர்கள். நான் சொல்வது அதற்குள்ளே ஓடும் கேஸை. என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், ‘ஆரம்பிச்சுட்டார்’ என்று. பரவாயில்லை.

சென்னைக்கு வெளியே ஓர் அலுவலகக் கட்டடம். பெயர் வேண்டாம். பட்டயம் வாங்கிய கட்டடம்தான், பட்டயத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, கணக்கைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பராமரிப்பு மேலாளர் நல்ல பொறுப்பான பையன். மாதாமாதம் மின்கட்டணம், டீசல் வரவு செலவு, எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருந்தார். வருஷத்துக்கு 12,000 லிட்டர் டீசல், அதற்கு 32 டன் என்று சரியாகப் போட்டிருந்தார். முதல் வகையில் மொத்தமே அவ்வளவுதான் என்றார்.

மொட்டை மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆறு காலி சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 11 கிலோ பிடிக்கும். ஆர்-410ஏ என்ற ஏசி கேஸ் இருந்தவை. மெக்கானிக் தம்பியைக் கேட்டேன். “வெயில் காலத்துக்கு முன்னாடி கேஸ் ஏத்திடுவோம் சார், வருஷா வருஷம் செய்யறதுதான்” என்றார். ஏற்றிய கேஸ் எங்கே போனது என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். சரியான பதில்!

ஏசியில் கேஸ் தீர்ந்துபோகும் பொருள் இல்லை, நேயர்களே. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஃப்ரிட்ஜில் பல வருஷம் அதே கேஸ்தானே சுற்றுகிறது? ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்த மாடியில் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. செம்புக் குழாய் வெளி யூனிட்டோடு சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் அப்பிய கறுப்புத் தூசி. கம்ப்ரஸரின் எண்ணெய் கேஸோடு சேர்ந்து வெளியே வந்து அங்கே படிந்திருந்தது. சோப்பு நுரை தடவினதும் குமிழி குமிழியாக வந்தது.

ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் 2,088 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம். நூறு வருஷக் கணக்கில், ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் நான்காம் அறிக்கை தந்த எண் அது. ஆறு சிலிண்டருக்குப் பெருக்கினால் 140 டன்னை ஒட்டி வருகிறது. ஃபைலில் பத்திரமாக எழுதி வைத்த டீசல் 32 டன். எழுதவே எழுதாத கேஸ் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

பாவம், அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிலிண்டர்களின் மேல் ஓசோனுக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருந்தது. அது பொய்யும் இல்லை. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோனை அரிக்கும் கேஸ்களைப் படிப்படியாக ஒதுக்கிவிட்டு வந்ததுதான் இந்தக் குடும்பம். ஓசோன் பிழைத்தது, பூமி வெப்பத்தில் மாட்டிக்கொண்டது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடி இதையும் குறைப்பதென்று முடிவெடுத்தார்கள். இந்தியா 2021-இல் ஏற்றது. நமக்கு 2032-இல்தான் குறைப்பு தொடங்கி, 2047-இல் 85 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். அதற்குள் மாட்டப்போகிற ஏசிகளை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டு ஏசியின் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஆர்-32 என்றிருந்தால் அதன் எண் 675, மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290 என்றிருந்தால் அது புரொபேன், ஒற்றை இலக்கம்தான். ஆனால் தீப்பிடிக்கும், தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அடுத்த முறை கேஸ் ஏற்ற வருகிறவரிடம் முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். ஏசியைக் கழற்றி இடம் மாற்றும்போது சிலர் கேஸைச் சும்மா ‘புஸ்’ஸென்று திறந்துவிடுவார்கள். வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்துப் பூட்ட முடியும், சில நிமிஷ வேலை.

சரி, இரண்டாம் வகை. இது சுலபம்: வாங்கிய யூனிட்டை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையம் அந்த எண்ணை வெளியிடுகிறது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, இந்தியா முழுக்க ஒரே எண். இங்கே நம் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். “முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுற்றுகிறது, நமக்கும் ஜார்க்கண்டுக்கும் ஒரே எண்ணா?” என்பார்கள். 2013 கடைசி நாளில் தெற்கு மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்த பிறகு எல்லாம் ஒரே குளம். தனியாகக் காற்றாலையோடு ஒப்பந்தம் போட்டுக் கரண்ட் வாங்கும் கட்டடங்கள் அதை வேறொரு வரியில் காட்டலாம். ஆனால் இரண்டு எண்ணையும் எழுத வேண்டும்: தொகுப்பின் சராசரிப்படி ஒன்று, ஒப்பந்தப்படி ஒன்று. விளம்பரத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் வருகிறது. யாராவது ‘சுழியம்’ என்று பெருமையாகச் சொன்னால், முதல் எண் எவ்வளவு என்று கேளுங்கள்.

வாடகைக் கட்டடத்தில் ஒரு வேடிக்கை. குடியிருக்கும் கம்பெனி தன் மீட்டருக்குக் கட்டும் கரண்ட் அந்தக் கம்பெனிக்கு இரண்டாம் வகை. அதே யூனிட் கட்டட உரிமையாளருக்கு மூன்றாம் வகை. அதே கரண்டைத் தயாரித்த அனல்மின் நிலையத்துக்கு முதல் வகை. ஒரே புகை, மூன்று ஃபைலில். மூன்றையும் கூட்டக் கூடாது. யார் கையில் எது இருக்கிறது என்று காட்டத்தான் இந்த வகைகள்.

மூன்றாம் வகைக்கு... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம். அதற்கே பதினைந்து உட்பிரிவு உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: சிமென்ட். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிறார்களே, சுத்தமான கல் ஒரு டன் சுட்டால் கல்லுக்குள்ளிருந்தே 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். இது சூளைக்குப் போட்ட நிலக்கரியின் புகை இல்லை, அது தனி. சூளையைச் சூரிய ஒளியில் ஓட்டினாலும் இந்த 440 குறையாது. அதனால்தான் சுட்ட கல்லில் ஒரு பங்குக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குப் பசுமைச் சான்றில் மதிப்பு. கட்டடத்தில் குடியேறும் முன்பே இந்தப் புகை போய்ச் சேர்ந்துவிடுகிறது, பிறகு எத்தனை சோலார் தகடு போட்டாலும் திரும்பி வராது. ஆகவே கணக்கைப் போட வேண்டியது வரைபட மேசையில், பில்லர் எழும்பிய பிறகு இல்லை.

ஊழியர்கள் வந்துபோகும் வண்டிக் கணக்கும் குப்பைக் கணக்கும் இதே வகைதான், சொல்ல நேரமில்லை. ஏசியில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன். நன்றி, வணக்கம்.