என்விடிஏ அப்டேட்: பேச்சு நிற்காமல் புதுப்பிப்பது எப்படி?

[ஒலி: என்விடிஏ தொடங்கும்போது வரும் சின்ன இசை]

வணக்கம். கம்ப்யூட்டரைக் காதால் பயன்படுத்துகிறவர்களுக்காகவும், அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவர்களுக்காகவும் இந்த வீடியோ. திரையில் என்ன வந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், கேட்டாலே போதும்.

வேர்டு அப்டேட் கோளாறானால் வேர்டு மட்டும்தான் போகும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள்தான் ஸ்க்ரீன் ரீடர்; அதன் அப்டேட் கோளாறானால் கம்ப்யூட்டரே கையை விட்டுப் போய்விடும். "தவறு நேர்ந்துவிட்டது, ஓகே அழுத்துங்கள்" என்று திரையில் ஒரு செய்தி நிற்கும். ஆனால் அதைப் படித்துச் சொல்ல வேண்டியதே வாய் மூடிக் கிடக்கும். அதனால்தான் பலர் "ஓடுகிற வரை ஓடட்டும், கை வைக்க வேண்டாம்" என்று பழைய பதிப்பிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் அப்டேட் செய்யத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எப்படிச் செய்தால் பேச்சு நிற்காது என்பதைப் பார்ப்போம்.

[திரையில்: என்விடிஏ மெனு]

எடுத்துக்கொள்ளப்போவது என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவரும் ஜேம்ஸ் டெவும் சேர்ந்து என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இருவருமே பார்வையற்றவர்கள். என்விடிஏ இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. மெனுக்களைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். தமிழ் படிக்க ஈஸ்பீக் குரலும் இருக்கிறது, விண்டோஸின் வள்ளுவர் குரலும் இருக்கிறது.

சரி, ஓடுகிறதை ஏன் மாற்ற வேண்டும்? ஸ்க்ரீன் ரீடர் தனியாக ஓடுவதில்லை. ஒரு வலைப்பக்கத்தில் எது பட்டன், எது தலைப்பு, எது லிங்க் என்பதை பிரவுசர் சொல்ல வேண்டும். அதை வாங்கித்தான் என்விடிஏ நமக்குப் பேசுகிறது. பிரவுசர் தன் உள்கட்டமைப்பை மாற்றினால், வாங்குகிற பக்கமும் மாறியாக வேண்டும். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 57-ஆம் பதிப்பு வந்தபோது இது எல்லோருக்கும் உறைத்தது. வேகத்துக்காக, பக்கங்களைத் தனித்தனி புராசஸ்களில் ஓட்டும் அமைப்புக்கு ஃபயர்ஃபாக்ஸ் முழுதாக மாறியிருந்தது. மற்றவர்களுக்கு வேகம் கூடியது. ஸ்க்ரீன் ரீடர் வைத்திருந்தவர்களுக்கோ பக்கங்கள் இழுத்துக்கொண்டு நின்றன. கொஞ்ச காலத்துக்குப் பழைய நீண்டகால ஆதரவுப் பதிப்பிலேயே இருங்கள் என்று ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே சொல்ல வேண்டி வந்தது. அதே 2017-ல் மொசில்லாவில் சேர்ந்தவர் யார் தெரியுமா? என்விடிஏவை எழுதியவர்களில் ஒருவரான அதே ஜேம்ஸ் டெ. ஃபயர்ஃபாக்ஸில் ஸ்க்ரீன் ரீடரோடு பேசும் பகுதியை அடியோடு திருத்தி எழுதிய வேலையில் அவர் கை பெரிது. அது 2023-ல், ஃபயர்ஃபாக்ஸ் 113-ல் எல்லோருக்கும் கிடைத்தது.

பிரவுசர் தானாகவே புதுசாகிக்கொண்டிருக்கும். நம் என்விடிஏ மட்டும் அசையாமல் நின்றால், அந்த இடைவெளி ஒருநாள் வங்கித் தளத்திலோ தேர்வு விண்ணப்பத்திலோ வந்து இடிக்கும்.

[திரையில்: 2024.1 என்ற எண்]

பதிப்பு எண்ணைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2024.1 என்றால், முதலில் ஆண்டு, பிறகு அந்த ஆண்டின் எத்தனையாவது வெளியீடு என்பது. புள்ளி ஒன்று என்று முடிகிற வெளியீட்டில் கூடுதல் கவனம் தேவை. ஆட்-ஆன்கள், அதாவது நாம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற துணை நிரல்கள், என்விடிஏவோடு பேசும் விதிகளை மாற்றுவதென்றால் அதில்தான் மாற்றுவார்கள். அந்த ஆண்டின் மற்ற வெளியீடுகளில் அவ்வளவு தொல்லை இருக்காது.

இதற்கு விலக்காக ஒன்று நடந்தது. பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்தது. என்விடிஏ பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது. அதனால் 2019.3 என்ற பதிப்பில், அது வெளிவந்தது 2020 பிப்ரவரியில், மொத்தமும் பைத்தான் 3-க்கு மாறியது. பழைய ஆட்-ஆன்கள் பலவும், வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த குரல்கள் சிலவும், திருத்தி எழுதப்படும் வரை ஓடவில்லை. நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய குரல் இல்லையென்றால் வேலை வேகம் எவ்வளவு விழும் என்பது, வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, உங்கள் விண்டோஸ் எது என்பது. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி என்விடிஏ 2023.3.4. அங்கே முதலில் மாற்ற வேண்டியது விண்டோஸைத்தான்.

[திரையில்: டூல்ஸ் மெனு, கிரியேட் போர்ட்டபிள் காப்பி]

இப்போது வேலைக்கு வருவோம். அப்டேட்டைத் தொடுவதற்கு முன்னால், இப்போது நன்றாக ஓடுகிற என்விடிஏவை அப்படியே ஒரு போர்ட்டபிள் காப்பி, அதாவது நிறுவாமலே ஓடுகிற நகல், எடுங்கள். இந்த வீடியோவில் இது ஒன்றை மட்டும் செய்தாலும் போதும். இன்சர்ட்டோடு என் அழுத்தினால் மெனு. அதில் டூல்ஸ், அதற்குள் கிரியேட் போர்ட்டபிள் காப்பி. எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவில் வைக்கலாம். ஆனால் பேச்சே இல்லாத நேரத்தில் பென் டிரைவ் எந்த எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தேட முடியாது. சி டிரைவில் ஓல்ட் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் கொடுங்கள். உங்கள் செட்டிங்குகளையும் சேர்த்து நகலெடு என்கிற செக் பாக்ஸையும் டிக் செய்யுங்கள். ஆட்-ஆன்களும் கூடவே வந்துவிடும்.

எடுத்த கையோடு ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர். பிறகு சி, கோலன், பேக்ஸ்லாஷ், ஓல்ட், பேக்ஸ்லாஷ், என்விடிஏ என்று டைப் செய்து என்டர். ஓடிக்கொண்டிருக்கிற என்விடிஏ விலகி, இது பேசத் தொடங்கும். இந்த வரியை விரல் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். தேவைப்படும் நேரத்தில் டைப் செய்ததைச் சொல்ல ஆள் இருக்காது.

[திரையில்: அப்டேட் பெட்டி]

நிறுவியிருக்கிற என்விடிஏவை மறுபடி தொடங்கிக்கொள்ளுங்கள். இனி அதன் மெனுவில் ஹெல்ப், அதில் செக் ஃபார் அப்டேட். புதுப் பதிப்பு இருந்தால் பெட்டி ஒன்று வரும். ஒத்துப்போகாத ஆட்-ஆன்கள் இருந்தால் அதையும் அங்கேயே சொல்லும். அவை முடக்கப்படும் என்பது புரிந்தது என்று டிக் செய்தால்தான் மேலே போக விடும். அவசரத்தில் டிக் செய்யாதீர்கள். ரிவ்யூ பட்டனை அழுத்தினால் எவை எவை என்று பட்டியல் வரும். தினமும் கேட்கிற குரல் அதில் இருந்தால், அந்தக் குரலின் புதுப் பதிப்பு வரும் வரை காத்திருங்கள். 2023.2-லிருந்து என்விடிஏவுக்குள்ளேயே ஆட்-ஆன் ஸ்டோர் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

நிறுவும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். ஆங்கில விண்டோஸில் ஆல்ட்டோடு ஒய். பழைய பேச்சு நின்று புதியது தொடங்குவதற்குள் சில நொடி அமைதி வரும். பதறிப்போய் பவர் பட்டனில் கை வைக்க வேண்டாம்.

[ஒலி: அமைதி]

நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, இன்னும் பேசவில்லையா? கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸோடு வருகிற ஸ்க்ரீன் ரீடரான நரேட்டர் பேசும். சூழ்நிலை என்ன என்று தெரிந்துகொள்ள அது போதும். என்விடிஏ தொடங்கியும் திக்குகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆட்-ஆன்தான். இன்சர்ட் க்யூ அழுத்தினால் வரும் பெட்டியில், ஆட்-ஆன்கள் இல்லாமல் மறுபடி தொடங்கு என்கிற தெரிவு உண்டு. அதில் சரியாக ஓடினால் குற்றவாளி ஆட்-ஆன்தான் என்பது உறுதி. ஒவ்வொன்றாக முடக்கிப் பார்க்கலாம். எதுவும் சரிவரவில்லையென்றால் சி டிரைவில் ஓல்ட் இருக்கிறது, வேலை நிற்காது. ஒரு குறை: விண்டோஸ் அனுமதி கேட்கிற பெட்டியை போர்ட்டபிள் காப்பியால் படிக்க முடியாது.

கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ என்விடிஏ வைத்திருந்தால், அவர்கள் இல்லாத நேரத்தில் அப்டேட்டைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். அதற்காக நாலு வருடப் பழைய பதிப்பிலேயே விட்டு வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், பட்டன்களை அவர்களே அழுத்தட்டும். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருந்தால், ஒரு நேரம் சொல்லி அந்த நேரத்துக்கு வந்து போட்டுக் கொடுங்கள். அலுவலகத்தில் அதுவும் கிடைக்காதவர்கள், பென் டிரைவ் அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். போர்ட்டபிள் காப்பிக்கு அட்மின் அனுமதி தேவையில்லை.

புதுப் பதிப்பில் ஒரு வாரமாவது வழக்கமான வேலையெல்லாம் செய்து பாருங்கள்: மெயில், வங்கித் தளம், வேர்டு, தமிழ்ப் பத்திரிகை. எல்லாம் ஒழுங்காகப் படிக்கிறது என்றால், சி டிரைவின் ஓல்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு, புதுப் பதிப்பிலிருந்து அதே பெயரில் இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள். அடுத்த அப்டேட்டுக்கு அதுதான் துணை.