பீட்ரூட்டின் சிவப்பும் சத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம். ஆனால் 100 கிராம் கிழங்கில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம்கூட இல்லை. அந்தச் சிவப்பு பீட்டாலெயின் என்னும் நிறமி. அதில் இரும்பே கிடையாது. அதற்காக அந்தப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சிவப்பணுக்கள் உருவாக ஃபோலேட் என்னும் பி வைட்டமின் வேண்டும். பச்சைக் கிழங்கு 100 கிராமில் அது சுமார் 109 மைக்ரோகிராம், பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் கால் பங்கு. இரும்பு என்று பார்த்தால், நாம் கிள்ளி எறிகிற கீரையில்தான் கிழங்கைவிட மூன்று மடங்கு இருக்கிறது!

இந்தக் கிழங்கின் தனிச்சிறப்பு நைட்ரேட். அது வேலை செய்யும் விதமே விநோதம். குடலில் உறிஞ்சப்பட்ட நைட்ரேட் மறுபடி எச்சிலில் சுரக்கிறது. நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பிறகு, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சற்றே இறங்கும். ஒரு நாளுக்குள் பழையபடி ஏறிவிடும். கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளிக்கிறவர்களுக்கு இந்தப் பலன் குறையும், அந்த பாக்டீரியாக்கள் செத்துவிடுவதால். இது மாத்திரைக்கு மாற்று அல்ல. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தினமும் ஜூஸ் குடிக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சத்து வீணாவது பெரும்பாலும் அடுப்பில்தான். தோலைச் சீவி, துண்டு போட்டு வேகவைத்தால் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிறதே, அதோடு ஃபோலேட்டும் நைட்ரேட்டும் கரைந்து போகின்றன. தோலோடு, தண்டில் இரண்டு சென்டிமீட்டரும் வால் வேரும் விட்டு, முழுசாகப் போடுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு 35 முதல் 45 நிமிடம். கத்தி முனை தடங்கலின்றி இறங்கினால் வெந்துவிட்டது. குளிர்ந்த நீரில் போட்டுக் கட்டைவிரலால் தள்ளினால் தோல் தானாக வழுக்கிக்கொண்டு வரும். சமையல் சோடா வேண்டாம், நிறம் பழுப்பாகிவிடும். சில துளி எலுமிச்சைச் சாறு நிறத்தையும் காக்கும், மண் வாடையையும் அடக்கும்.

சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். அவர்கள் நறுக்கி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடலாம்; கல்லாகப் படியும் ஆக்சலேட் இந்தக் கிழங்கிலும் உண்டு, அதில் ஒரு பகுதி தண்ணீரோடு போகும். தயிரோடு சாப்பிட்டால் மிச்சத்தையும் ஓரளவு தயிரிலுள்ள கால்சியம் குடலிலேயே கட்டிப்போடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு பீட்ரூட்டிலுள்ள பொட்டாசியமும் சுமை. அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். ஜூஸில் நார் போய்ச் சர்க்கரை நிற்பதால், நீரிழிவு உள்ளவர்கள் கிழங்காகவே மென்று சாப்பிடலாம்.

பீட்ரூட் சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். சிலருக்கு நிறமி அப்படியே வெளியேறும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தென்படுகிறது. சாப்பிடாத நாளிலும் சிவந்தால், தாமதிக்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.